பக்கத்துப் பிள்ளையின் விரல்

கண்ணு,

நேற்று நீ போனில் பேசியதில் பாதிதான் என் காதில் விழுந்தது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்றால்தான் இங்கே சிக்னல் வரும் என்பது உனக்குத் தெரியும். நான் போய் நின்ற நேரம் பார்த்து மழை தூற ஆரம்பித்தது. முந்தானையைத் தலையில் போடுவதா, போனைப் பிடிப்பதா என்று தடுமாறுவதற்குள் கட் ஆகிவிட்டது. ஆனால் விழுந்த பாதியே போதும். திங்கட்கிழமை நம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் சோதித்துப் பார்க்க உன்னைப் போட்டிருக்கிறார்கள். உனக்கு வர மனசில்லை. "நான் வரலம்மா, வேற ஆள மாத்தி வுட்டுடலாம்னு இருக்கேன்" என்றாய். ஏன்டா என்றேன். "அந்தப் பள்ளிக்கூடத்துல போயி இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு ஒக்கார்றது?" என்றாய். அதோடு லைன் போய்விட்டது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இது போனில் பேசி முடிகிற விஷயம் இல்லை. போனில் நான் கத்துவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், கடைசியில் நீ நினைத்ததைத்தான் செய்வாய். அதனால் எழுதி மத்தியான ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டிரைவரிடம் வாங்கிக்கொள். ஆள் மாற்றுவதென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்றாய் அல்லவா? அதற்குள் படித்துவிடு. முழுக்கப் படி. பாதியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, துவைக்கும்போது கூழாக்கி எடுக்கும் பழக்கம் உனக்கு உண்டு. உன் அப்பாவிடமிருந்து வந்த சொத்து அது ஒன்றுதான்.

முதலில் என் சேதி. இந்த மாசக் கடைசியோடு எனக்கு வேலை முடிகிறது. இனி பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் வேறு ஒருத்தி கரண்டி பிடிப்பாள். அதைப் பற்றி நான் ஒன்றும் அழவில்லை. முட்டி இரண்டும் குந்தி எழுந்தால் சத்தம் போடுகின்றன, சோற்றுத் தேக்சாவை இறக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, உட்காரலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தே பல வருஷமாகிறது. லீவில் வீட்டுக்கு வருகிறாய், கறிக்குழம்பு தின்கிறாய், கரியாலூர் வரைக்கும் சிநேகிதன்களோடு வண்டியில் போய் வருகிறாய். பள்ளிக்கூடம் இருக்கிற பக்கம் மட்டும் போவதில்லை. நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அம்மாவுக்குச் சோறாக்க மட்டும்தான் தெரியும் என்று எந்தப் பிள்ளையும் நினைக்கக் கூடாது.

உன் மூஞ்சிக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். நீ மூன்றாவது படித்தபோது நடந்த அந்தச் சோதனையைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாய். அன்றைக்கு நடந்ததில் உனக்குத் தெரிந்தது பாதி. மிச்சப் பாதி சமையல் கூடத்தில் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் பிள்ளைகள் அவரை எலவனாசூர்கோட்டை வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மலையேறி வருவார், பள்ளிக்கூடத்து ஓரத்து அறையிலேயே தங்கிக்கொள்வார், வெள்ளிக்கிழமை சாயந்திரம் இறங்குவார். அஞ்சு வகுப்புக்கும் அவர் ஒருத்தர்தான். ஒன்றாவதுக்கு எழுத்து எழுதிப் போட்டுவிட்டு நாலாவதுக்கு வாய்ப்பாடு கேட்பார். அதற்குள் ரெண்டாவதில் எவனாவது எவனையாவது கடித்திருப்பான். நீ சேர்ந்த காலத்தில் புத்தகம் வேறு எல்லாருக்கும் போதவில்லை. ரெண்டு பிள்ளைக்கு ஒரு புத்தகம். அந்த மனுஷன் அதற்கு ஒரு வழி செய்தார். பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்தார். ஒருத்தர் வார்த்தைக்குக் கீழே விரல் வைக்க வேண்டும், இன்னொருத்தர் படிக்க வேண்டும். பக்கம் முடிந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். விரல் முந்தி ஓடக் கூடாது. பின்தங்கவும் கூடாது. படிக்கிற பிள்ளை திக்கினால் விரல் அங்கேயே நின்று காத்திருக்க வேண்டும். வாயைத் திறந்து சொல்லிக் கொடுக்கக் கூடாது. அப்படி வைத்துவிட்டு அவர் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார். பிள்ளைகள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கும்.

உனக்கு ஜோடி அலமேலு. ஞாபகம் இருக்கிறதா உங்கள் சண்டை? உன் விரல் ஓடுகிறது என்று அவள் அழுவாள். அவள் பலாச்சுளை தின்றுவிட்டு வந்து பக்கத்தை ஒட்ட வைத்துவிட்டாள் என்று நீ குதிப்பாய். இருவரும் பஞ்சாயத்துக்கு என்னிடம்தான் வருவீர்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே இரண்டு பேரையும் திட்டி அனுப்புவேன். வெளி ஆள் யாராவது வந்தால் அந்தப் பெண் தோளுக்குள் வாயைப் புதைத்துக்கொள்ளும். உன்னோடு சண்டை போட மட்டும் அதற்கு எங்கிருந்துதான் குரல் வருமோ.

வீட்டுக்கு வந்தாலும் உனக்கு விரல் வேண்டும். சோறு தின்ற கையோடு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, "வெரல் வெய்யிம்மா" என்பாய். உன் அப்பா ஒரு நாள் உட்கார்ந்தார். ரெண்டாவது வரியிலேயே அவர் விரல் தூங்கிவிட்டது. அப்புறம் நான்தான். நான் அஞ்சாவதோடு நின்றவள். படித்ததெல்லாம் அடுப்புப் புகையில் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். உனக்கு விரல் வைக்க வேண்டும் என்றால் நீ எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டுமே. அப்படித்தான் எனக்கு எழுத்து திரும்பி வந்தது. இன்றைக்கு இவ்வளவு நீளமாக உனக்கு எழுதுகிறேன் என்றால் அந்தப் பழக்கத்தில்தான். அந்த ராத்திரிகளை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்து போகிறது. சாமைச் சோறும் புளிச்சாறும் தவிர வீட்டில் ஒன்றும் இருக்காது. நீ கதை படிப்பாய், நான் விரல் வைப்பேன், உன் அப்பா குறட்டை விடுவார்.

சோதனை நாளுக்கு வருகிறேன். பனி விழுகிற மாசம். கீழேயிருந்து ஒரு சார் ஜீப்பில் வந்தார். வளைவு வளைவாக ஏறி வந்ததில் வாந்தி எடுத்து, மூஞ்சி வெளிறிப் போய் இறங்கினார். கெட்ட மனுஷன் இல்லை. நான் கொடுத்த சுக்குத் தண்ணியைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம் வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் அட்டைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார். ஒரு அட்டையில் எழுத்து, ஒன்றில் வார்த்தை, ஒன்றில் சின்னக் கதை. சமையல் கூடத்து ஜன்னல் நேர் எதிரே. நான் பருப்பு கடைவதை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

அகர வரிசையில் அலமேலுதான் முதல். கையில் கதை அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அது வாயைத் திறக்கவில்லை. "படிம்மா, பயப்படாத" என்று நல்லபடியாகத்தான் சொன்னார். அது அட்டையைப் பார்த்தது. அப்புறம் தலையைத் திருப்பிப் பக்கத்தில் பார்த்தது. பக்கத்தில் யாரும் இல்லை. மறுபடியும் அட்டை, மறுபடியும் பக்கம். அது எதைத் தேடுகிறது என்று அந்த இடத்தில் எனக்கும் தெரிந்தது, வாத்தியாருக்கும் தெரிந்தது, உனக்கும் தெரிந்தது. அந்தச் சாருக்கு மட்டும் தெரியாது. அவருக்கு எப்படித் தெரியும்?

நீ வரிசையிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடினாய். யாரையும் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்று முதல் வார்த்தைக்குக் கீழே விரலை வைத்தாய். அவ்வளவுதான், அந்தப் பெண் படிக்க ஆரம்பித்துவிட்டது. திக்கவில்லை, திணறவில்லை. ரெண்டு வரி கணீரென்று படித்தது. சார் திடுக்கிட்டுப் போய் அட்டையை வாங்கிக்கொண்டார். "தம்பி, நீ சொல்லிக் குடுக்கக் கூடாதுப்பா. போயி கடைசில நில்லு" என்றார். நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருக்கு வேறு அட்டை எடுத்துக் கொடுக்க வேண்டிய முறை, கொடுத்தார். அலமேலு தோளுக்குள் வாயைப் புதைத்துக்கொண்டாள். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

அடுத்து வந்த பிள்ளைகளெல்லாம் நீ பேச்சு வாங்கியதைப் பார்த்து நின்றதுகள் அல்லவா? ஒவ்வொன்றும் அட்டையைப் பார்க்கும், பக்கத்தில் பார்க்கும், காலைப் பார்க்கும். ஓரிரண்டு பேர் வார்த்தை அட்டை வரைக்கும் போனார்கள். உன் முறை வந்தபோது நீ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாய். உனக்குப் படிக்கத் தெரியாமலா? வேகமாகப் படிக்கிறாய் என்று என்னிடம் திட்டு வாங்குகிறவன் நீ. கோபம். உன் கோபம் எனக்குத் தெரியாதா, என் வயிற்றில் இருந்துதானே எடுத்துக்கொண்டு போனாய். எழுத்து அட்டையைக்கூட நீ படிக்கவில்லை. உனக்கும் எழுத்து தெரியாது என்றே போட்டுக்கொண்டு போனார்.

கணக்கு இன்னொரு கூத்து. ஒரு விவசாயி இருபது மரவள்ளிக் குச்சி நட்டார், நாலு காய்ந்துவிட்டது, மீதி எத்தனை என்று ஒரு கேள்வி. வகுப்பு மொத்தமும் இருபது என்று எழுதிவிட்டது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கின்றன என்று சார் வருத்தப்பட்டார். ராத்திரி உன் அப்பாவிடம் சொன்னேன். "இருவதுதான்டி சரி. காஞ்ச எடத்துல வேற குச்சி ஊனாம எவனாச்சும் வுடுவானா?" என்றார். அவருக்கு அந்த விவசாயி சோம்பேறியோ என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது. நான் சிரித்தேன். ஆனால் கண்ணு, சிரித்துவிட்டு ஒன்று சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். காட்டில் இருபது. தாளில் பதினாறு. நம் பிள்ளைகளுக்குக் காடு நாம் சொல்லாமலே தெரியும். பதினாறு தெரிய வேண்டும் என்றுதானே பள்ளிக்கூடம் அனுப்புகிறோம்.

அன்றைக்கு மத்தியானம் அந்தச் சாருக்கு நான்தான் சாப்பாடு போட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் தேக்சாவின் அடியைச் சுரண்டி, தீய்ந்த சோறாகப் பார்த்துத் தட்டில் வைத்தேன். மனுஷன் அதை முழுக்கத் தின்றார். எழுந்திருக்கும்போது, "நல்லா இருந்துச்சும்மா" என்றார். எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. நான் செய்தது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் அப்படிச் சொல்லாமல் போயிருக்கலாம்.

நீ சாப்பிட வரவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கடுக்காய் மரங்கள் பக்கம் ஓடிவிட்டாய். இனிமேல் சொல்வதுதான் உனக்குத் தெரியாத பாதி.

ஜீப் இறங்கிப் போன பிறகு வாத்தியார் சமையல் கூடத்துக்கு வந்தார். வெந்நீர் கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். நான் சும்மா இருப்பேனா? இப்படிப் பிள்ளைகளைப் பழக்கிவைத்து எல்லாரையும் ஊமையாக்கிவிட்டீர்களே சார் என்று பொரிந்து தள்ளினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு இது தோணாமப் போச்சே என்றார். தனியாகப் படிக்கவும் பழக்கியிருக்க வேண்டும் என்றார். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "ஆனா ஒங்க புள்ளயப் பாத்தீங்களா? அடுத்தவ படிக்கிற வேகத்துக்கு வெரலு வெக்கணும்னா மொதல்ல அவனுக்குப் படிக்கத் தெரியணும்ங்க. அவன் ரெண்டு பேரு பரீட்சையும் பாஸ் பண்ணிட்டான். எழுதிக்கத்தான் எடம் இல்ல." சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. புகை என்று துடைத்துக்கொண்டார். அடுப்பு அணைந்து வெகு நேரமாகியிருந்தது.

இதை ஏன் இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். நம் வீட்டில் பிள்ளையை முகத்துக்கு நேரே புகழ்கிற வழக்கம் எப்போதடா இருந்தது? கண்ணு பட்டுவிடும், தலைக்கனம் ஏறிவிடும் என்று எல்லாவற்றையும் வயிற்றுக்குள்ளேயே போட்டு மூடினோம். நீ பன்னிரண்டாவது பாஸான அன்றைக்குக்கூட உன் அப்பா, மாட்டுக்குத் தண்ணி காட்டினாயா என்றுதான் கேட்டார். அப்புறம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். உன்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் கூட்டம் போட்டபோது நம் பள்ளிக்கூடத்துப் பேரைக் கடைசியில் வாசித்தார்களாம். வாத்தியாரை எழுந்து நிற்கச் சொன்னார்களாம். உன்னால்தான் அவருக்கு அந்த அவமானம் என்று பெரிய வகுப்புப் பையன்கள் உன்னை ஓட்டினார்கள். அடுத்த வருஷம் அவர் மாற்றலாகிப் போனதும், உன்னால்தான் போனார் என்று ஒரு கதை கட்டினார்கள். அதைத்தானே நம்பிக்கொண்டிருக்கிறாய்? அவர் மாற்றல் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அவர் அம்மாவுக்குப் பக்கவாதம், பார்த்துக்கொள்ள ஆளில்லை. அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றாரே, சும்மா நிற்கவில்லை. அஞ்சு வகுப்புக்கு ஒரு ஆள், ரெண்டு பிள்ளைக்கு ஒரு புத்தகம் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் நமக்கு இரண்டாவது டீச்சர் வந்தார்கள். பிள்ளைக்கு ஒரு புத்தகம் வந்தது. உன் தங்கச்சி தன் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியது உனக்கு மறந்திருக்காது. கடைசி என்று பேர் வந்ததால்தான் மேலே இருக்கிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் சோதனையே வேண்டாம் என்று யாராவது பேசினால் எனக்கு ஒப்புவதில்லை. அந்தச் சார் ஒரு நிமிஷம் அலமேலு எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்த்திருக்கலாம். எனக்கு இருக்கிற வருத்தம் அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு வாத்தியார் போன் பண்ணினார். வயசாகிவிட்டது, குரல் நடுங்குகிறது. எல்லாரையும் விசாரித்துவிட்டு, உங்க பையன் இப்ப என்ன பண்றான் என்று கேட்டார். பிள்ளைகளுக்கு வாசிப்பு சோதிக்கிற வேலை என்றேன். போனில் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அந்த மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது இங்கே நடப்பதைச் சொல்கிறேன். நீ வரப்போகிறாய் என்று எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. நேற்றிலிருந்து எனக்கு மரியாதை ஜாஸ்தி. ஒருத்தர் தேன் கொண்டுவந்து வைத்தார், ஒருத்தர் சாமை கொண்டுவந்து வைத்தார். "ஒம் புள்ளதான வரான், பாத்துப் போடச் சொல்லு" என்றார்கள். மார்க் கம்மியானால் பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர் என்று அவர்களுக்குக் கவலை. தேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாமையையும் கொடுத்துவிட்டேன், உன் அப்பாவுக்கு அதில் வருத்தம்தான். என் பிள்ளை பொய் எழுதினால் முதல் அடி என் கரண்டியில்தான் விழும் என்று சொல்லி அனுப்பினேன். ஆக, ஊர் பேசும் என்று நீ பயந்தால், ஊர் பேசி முடித்துவிட்டது. இனி பேசுவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

அலமேலுவும் வந்தாள். கேட்டுக்கொள். அவள் இப்போது நம் ஊரிலேயேதான் இருக்கிறாள். வீட்டுக்காரன் கேரளாவில் மிளகுத் தோட்டத்துக்குப் போயிருக்கிறான். அவள் பெண் மூன்றாவது படிக்கிறது. பேர் யாழினி. எங்கேயிருந்துதான் இந்தப் பேர்களையெல்லாம் பிடிக்கிறார்களோ! பேர்தான் புதுசு, பிள்ளை அப்படியே அவளை உரித்து வைத்தது. வெளி ஆளைக் கண்டால் தோளுக்குள் வாய். சாயந்திரமானால் அலமேலு அதை மடியில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்வாள். நான் பார்த்திருக்கிறேன், பெண் நன்றாகப் படிக்கிறது. ஆனால் அலமேலு விரல் வைக்கிறாள். அவளுக்குத் தெரிந்த படிப்பு அதுதானே. போன வாரம் டீச்சர் தனியாக நிற்க வைத்துப் படிக்கச் சொல்லிப் பார்த்தார்களாம். யாழினி அட்டையைப் பார்த்ததாம், அப்புறம் பக்கத்தில் திரும்பிப் பார்த்ததாம்.

அலமேலு தேனும் கொண்டுவரவில்லை, சாமையும் கொண்டுவரவில்லை. சமையல் கூடத்து வாசலில் நின்றாள். நீ வரப் போவதில்லையாம் என்று நான்தான் வாய் விட்டுவிட்டேன். முகம் செத்துப் போயிற்று அவளுக்கு. "அவனயே வரச் சொல்லுங்கத்த" என்றாள். "வேற ஆளு வந்தா இது முழிக்கிறத மட்டுந்தான் பாப்பாங்க. இது இன்னாத்துக்கு முழிக்குதுன்னு அவனுக்குத்தான் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். நல்ல மார்க் போடு என்று சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் உரிக்கிற நேரம் என்பதால் தப்பித்தேன்.

கண்ணு, நான் உன்னை முறை தப்பிப் போகச் சொல்லவில்லை. யாழினிக்கு நீ விரல் வைக்காதே. அது அவள் பரீட்சை. முடிந்தால் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு அவர்களோடு தரையில் உட்கார். எதிரே உட்காராதே, பக்கவாட்டில் உட்கார். அந்தப் பிள்ளைக்குப் பக்கம் காலியாக இருந்தால் பயம். உன் விரலை நீயே வைத்துப் படி என்று ஒரு வார்த்தை சொல்ல உங்கள் முறையில் இடம் உண்டா என்று ஆபீசில் கேட்டுக்கொள். உண்டு என்றால் சொல். இல்லை என்றால் சொல்லாதே. எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று உங்களுக்கு ஒரு கணக்கு இருக்குமே, அதை முழுசாகப் பொறு. உனக்கு அவசர விரல், சின்ன வயசிலிருந்தே. அலமேலு அதற்கு எத்தனை நாள் அழுதிருக்கிறாள். அன்றைக்கு மட்டும் அவசரப்படாதே.

அப்படியும் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை என்றால், படிக்கவில்லை என்றே எழுது. அலமேலுவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். எழுதிவிட்டுக் கீழே போய், ஏன் படிக்கவில்லை என்பதையும் உன் மேலதிகாரி காதில் போடு. எழுதிக்கொள்ள இடம் இல்லாவிட்டால் வாயால் சொல். வாத்தியார் எழுந்து நின்று சொன்னாரே, அப்படி. அந்த ஒன்று நடந்தால் எனக்குப் போதும். டீச்சரும் இனிமேல் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் படிக்கப் பழக்குவார்கள். அலமேலுவை விரலை எடுக்கச் சொல்லி நானும் பழக்குகிறேன். எனக்கும் அடுத்த மாசத்திலிருந்து வேலை வேண்டுமே.

திங்கட்கிழமை பிரியாணியும் மிளகு முட்டையும். நீ என்ன எழுதினாலும் உனக்கு மேல் சோறுதான் போடுவேன், பயப்படாதே. அந்தக் கூடத்தில் என் கையால் நீ ஒரு வேளை சாப்பிட்டுவிட்டால் நான் நிம்மதியாகக் கரண்டியைக் கொடுத்துவிட்டு வருவேன். அன்றைக்கு நீ சாப்பிடாமல் கழுவி வைத்த தட்டு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ வராமல் வேறு ஆளை அனுப்பினால் அவருக்கும் மேல் சோறுதான், அவர் என்ன பாவம் செய்தார்? அடிச்சோற்றை எடுத்து வைத்திருந்து நீ லீவுக்கு வரும்போது உனக்குப் போடுவேன்.

மூஞ்சியை எப்படி வைத்துக்கொண்டு உட்காருவது என்று கேட்டாயே. அன்றைக்கு யாரும் உன்னைக் கூப்பிடவில்லை. நீயாகத்தான் ஓடிவந்து அந்தப் பெண் பக்கத்தில் நின்றாய். அன்றைக்கு உன் மூஞ்சி எப்படி இருந்தது என்று ஜன்னலில் இருந்து பார்த்தவள் நான். அதே மூஞ்சியோடு வா. இப்போது பேர் போட்டே கூப்பிட்டிருக்கிறார்கள்.

முதல் பஸ்ஸைப் பிடி. குளிர் ஜாஸ்தியாக இருக்கிறது, சொட்டர் எடுத்துக்கொள்.

அம்மா